ஜப்பான் காரா, அமெரிக்க காரா? 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கும் இன்ஜின் எது?

"டொயோட்டா இன்ஜினுக்கு சாவே கிடையாது சார்." செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனவர்கள் எப்படியும் ஒரு முறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. கூடவே இன்னொன்றும் வரும்: "அமெரிக்கன் வண்டியா? ஓட்ட சூப்பரா இருக்கும், ஆனா செலவு வெச்சிடும்."

ஆனால் கடந்த சில ஆண்டுகளாக வரும் செய்திகள் இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டம் காண வைத்துள்ளன. 2024 மே மாதம், அமெரிக்காவில் விற்ற டுன்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்எக்ஸ் வகைகளில் சுமார் 1.02 லட்சம் வாகனங்களை டொயோட்டா திரும்பப் பெற்றது. உற்பத்தியின்போது இன்ஜினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்களே காரணம். இன்ஜினையே மாற்றித் தர வேண்டிய நிலை. 2025 நவம்பரில் மேலும் சுமார் 1.27 லட்சம் வாகனங்கள் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

இதற்கிடையே, 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) நிறுவனமும் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் பொருத்திய சுமார் 6 லட்சம் வாகனங்களை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. அங்கும் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் பேரிங் பகுதியில்தான் கோளாறு.

அப்படியென்றால் "ஜப்பான் இன்ஜின்தான் நீண்ட நாள் உழைக்கும்" என்பது உண்மையா, பழைய பேச்சா? இந்தியாவில் கார் வாங்குபவருக்கு இந்த ஒப்பீடு எந்த அளவுக்கு உதவும்?

சுருக்கமாக

- ஜப்பான் நிறுவனங்களுக்குக் கிடைத்த நற்பெயர் வெறும் விளம்பரம் அல்ல. 1970கள் முதல் உற்பத்தியில் அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு அதற்குக் காரணம்.
- அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் உழைத்த இன்ஜின்கள் உண்டு. ஜப்பானிலும் சொதப்பிய இன்ஜின்கள் உண்டு.
- இந்தியாவில் காரின் முன்பக்கம் இருக்கும் லோகோவும் உள்ளே இருக்கும் இன்ஜினும் பல நேரம் வேறு வேறு நாட்டுக்காரர்கள்.
- எனவே பார்க்க வேண்டியது நாட்டை அல்ல. எந்த இன்ஜின், எந்த ஆண்டு, எப்படிப் பராமரித்தார்கள் என்பதை.

கணக்கெடுப்புகள் சொல்வது என்ன?

'நம்பகமான கார்' என்று வரும் பட்டியல்கள் பெரும்பாலும் இன்ஜினை மட்டும் அளப்பதில்லை. இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் ஜே.டி.பவர் நிறுவனம் ஆண்டுதோறும் 3 வயதான கார்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை பிரச்னைகள் என்று கணக்கிடுகிறது. 2025 பட்டியலில் முதலிடம் டொயோட்டாவின் லெக்சஸுக்கு: 140 பிரச்னைகள். இரண்டாமிடம் ஜிஎம்மின் ப்யூக்: 143. வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் ப்ளூடூத் இணையவில்லை என்பதும் இதில் ஒரு பிரச்னை, இன்ஜின் சத்தம் போடுகிறது என்பதும் ஒரு பிரச்னை. தவிர, 3 ஆண்டு என்பது ஒரு இன்ஜினுக்குக் குழந்தைப் பருவம்.

நீண்டகால உழைப்பை அறிய, ஓடோமீட்டரைப் பார்ப்பது இன்னொரு வழி. அமெரிக்க இணையதளமான ஐசீகார்ஸ், ஒவ்வொரு மாடலிலும் அதிகம் ஓடிய 1% வாகனங்கள் எவ்வளவு தூரம் தாண்டியுள்ளன என்று 2022-ல் ஆய்வு செய்தது. முதலிடம் டொயோட்டா செக்கோயா: 2,96,509 மைல், அதாவது சுமார் 4.77 லட்சம் கி.மீ. இரண்டாவது டொயோட்டா லேண்ட் க்ரூஸர். மூன்றாவது அமெரிக்காவின் செவர்லே சபர்பன்: 2,65,732 மைல், சுமார் 4.28 லட்சம் கி.மீ.

இந்தப் பட்டியலின் மேல்வரிசையில் டொயோட்டா, ஹோண்டா பெயர்கள்தான் அதிகம். ஆனால் பெரிய இன்ஜின் கொண்ட அமெரிக்க வண்டிகளும் அவற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. முன்னிலை உண்மை. ஆனால் ஊர்ப் பேச்சில் சொல்லப்படும் அளவுக்கு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

ஜப்பானுக்கு இந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது?

இதற்கு 1970களுக்குப் போக வேண்டும். 1970-ல் அமெரிக்கா காற்று மாசு சட்டத்தைக் கடுமையாக்கியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ல் மைலேஜ் விதிகள் வந்தன. அதுவரை பெரிய இன்ஜின், மலிவு பெட்ரோல் என்று பழகிய அமெரிக்க நிறுவனங்கள், சிறிய இன்ஜின்களை அவசர அவசரமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த அவசரத்தின் விலை பெரிது. செவர்லே வேகா காரில் ஜிஎம் கொடுத்த 2.3 லிட்டர் அலுமினிய இன்ஜினில் சிலிண்டருக்கு இரும்பு லைனர் கிடையாது. சூடு ஏறினால் பிளாக் வளையும், சிலிண்டர் தேயும், பிறகு ஆயில் குடிக்கும். அதே நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் 1978 மாடலில் கொண்டுவந்த 5.7 லிட்டர் டீசல் இன்ஜினோ, டீசலின் அதிக அழுத்தத்தை ஹெட் போல்ட்டுகள் தாங்காமல் பெயர் கெட்டது. டீசலில் கலந்துவரும் தண்ணீரைப் பிரிக்கும் வசதியும் அதில் இல்லை. அமெரிக்கர்கள் பல ஆண்டுகள் டீசல் கார் என்றாலே ஒதுங்கிப் போனதற்கு அந்த இன்ஜினும் ஒரு காரணம்.

அதே காலத்தில் ஜப்பானியர்கள் சிறிய இன்ஜின் தயாரிப்பில் ஏற்கெனவே நல்ல அனுபவத்துடன் இருந்தார்கள். அதோடு, அவர்களிடம் இன்னொரு பழக்கமும் வேரூன்றியிருந்தது. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் 1950-ல் ஜப்பானில் பாடம் நடத்தினார். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் உள்ள வேறுபாட்டை விடாமல் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய முக்கியமான விஷயம். அமெரிக்காவில் பெரிதாக யாரும் காதில் வாங்காததை ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1951 முதல் அவர் பெயரிலேயே விருதும் கொடுத்து வருகிறது.

இந்த விருதுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1998-ல் டெமிங் விருதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம், சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

ஒரே வரைபடம், இரண்டு ஆலை

வேறுபாட்டைக் குறைப்பதால் என்ன லாபம்? 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டுக்குக் கிடைத்த பாடம் இதற்கு நல்ல உதாரணம்.

அப்போது ஃபோர்டு, ஜப்பானின் மஸ்தாவில் பங்குதாரராக இருந்தது. ஒரே வரைபடத்தை வைத்து ஃபோர்டின் ஒஹையோ ஆலையிலும் மஸ்தாவிலும் கியர்பாக்ஸ் தயாரித்தார்கள். மஸ்தா தயாரித்தவற்றில் சத்தமும் குறைவு, வாரன்டி புகாரும் குறைவு. இரண்டையும் பிரித்து அளந்து பார்த்தபோது, ஃபோர்டு பாகங்களும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருந்தன. ஆனால் அந்த வரம்புக்குள் அங்கும் இங்குமாகப் பரவி இருந்தன. மஸ்தா பாகங்களோ கிட்டத்தட்ட எல்லாம் ஒரே அளவு.

இது கியர்பாக்ஸ் கதைதான். ஆனால் இன்ஜினுக்கும் இதே விதி. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு இன்ஜினில் கொஞ்சம் கூடுதலாகவும் இன்னொன்றில் கொஞ்சம் குறைவாகவும் இருந்தால், ஷோரூமில் இரண்டும் ஒன்று போலத்தான் ஓடும். 2 லட்சம் கி.மீ. தாண்டும்போதுதான் ஒன்று புகை தள்ளும், மற்றது அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு உதாரணம், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. ஊழியர்கள் சரியில்லை, தரம் சரியில்லை என்று 1982-ல் ஜிஎம் மூடிய ஆலை அது. 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் சேர்ந்து 'நுமி' என்ற பெயரில் அதைத் திறந்தன. பழைய ஊழியர்களில் பெரும்பாலோர் அப்படியே திரும்பி வந்தனர். மாறியது வேலை முறை மட்டும்தான். கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த கார்கள் ஜப்பானில் தயாரானவற்றுக்கு நிகரான தரத்தில் இருந்தன. அமெரிக்கக் கைகளால் நல்ல கார் செய்ய முடியாது என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது.

நுமியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. டொயோட்டா கொரோலாவும் ஜிஎம்மின் ஜியோ ப்ரிஸமும் அங்கேதான் தயாராகின. உள்ளே ஒரே டொயோட்டா இன்ஜின், கிட்டத்தட்ட ஒரே கார். ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொரோலாவுக்குத்தான் விலை அதிகம். லோகோவுக்கு மட்டும் தனி விலை!

அமெரிக்க இன்ஜின் எல்லாமே மோசமா?

இல்லை. ஃபோர்டின் 4.9 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின் 1965 முதல் 1996 வரை தயாரானது. பிக்கப், டெலிவரி வண்டி என்று அடிமாட்டு வேலை பார்த்த இன்ஜின் அது. ஜீப்பின் 4.0 லிட்டர் இன்ஜின் 1980களின் பிற்பகுதியிலிருந்து 2006 வரை ஓடியது. ஜிஎம்மின் '3800' வி6 இன்ஜினும் அமெரிக்க மெக்கானிக்குகள் மதிக்கும் ஒன்று.

இந்த மூன்றுக்கும் பொதுவான குணம் என்ன? பெரிய கொள்ளளவு, அதற்கு ஏற்ற அளவான பவர், எளிமையான அமைப்பு, பல ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லாத வடிவம். முதல் சில ஆண்டுகளில் தெரிந்த குறைகளைச் சரிசெய்து, அதையே தொடர்ந்து தயாரித்தார்கள்.

டொயோட்டா ஜெயித்த வழியும் இதுவேதான். லேண்ட் க்ரூஸரின் 4.2 லிட்டர் '1எச்இசட்' டீசல் இன்ஜின் 1990-ல் வந்தது. டர்போ கிடையாது, பெரிய வேகமும் கிடையாது. ஆனால் ரோடே இல்லாத ஊர்களில் இன்றும் அதை நம்பி ஓட்டுகிறார்கள். நம் ஊரில் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் தொடங்கி 2014-ல் அந்த கார் நிற்கும் வரை அடிப்படை மாறவில்லை. தெரு மெக்கானிக்குக்கும் அதன் ஒவ்வொரு நட்டும் அத்துப்படி.

ஜப்பான் சறுக்கிய இடங்கள்

பெயர் பெற்ற நிறுவனங்களும் வழுக்கி விழுந்திருக்கின்றன.

- டொயோட்டா, 1997-2002: சில 4 சிலிண்டர், வி6 இன்ஜின்களில் ஆயில் கெட்டியாகிச் சேறு போல் படிந்தது. அமெரிக்காவில் சுமார் 33 லட்சம் வாகனங்களுக்குச் சிறப்புப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.
- டொயோட்டா 2.4 லிட்டர், 2007-2009: கேம்ரி உள்ளிட்ட கார்களில் பிஸ்டன் ரிங் கோளாறால் இன்ஜின் ஆயில் குடித்தது.
- சுபாரு 2.5 லிட்டர்: ஹெட் கேஸ்கட் கசிவுக்குப் பெயர் போனது.
- ஹோண்டா 3.5 லிட்டர் வி6: கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்புக் குறையால் ராட் பேரிங் தேயலாம் என்று 2023 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 2.49 லட்சம் வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன.

ஹோண்டா, டொயோட்டா, ஜிஎம் மூன்றும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் மாட்டியதைக் கவனியுங்கள். கிராங்க் ஷாஃப்ட் பேரிங் என்பது தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் சுழலும் பாகம். சிறு உலோகத் துகளோ, இழைப்பில் சிறு பிசகோ போதும், அந்தப் படலம் அறுந்து இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும்.

இப்போது ஏன் இரு தரப்பும் தடுமாறுகின்றன?

புகை விதிகளும் மைலேஜ் விதிகளும் கடுமையாகி வருகின்றன. 1970களில் அமெரிக்காவுக்கு மட்டும் வந்த நெருக்கடி இப்போது எல்லோருக்கும். பெரிய இன்ஜின் செய்த வேலையைச் சிறிய டர்போ இன்ஜின் செய்கிறது. உராய்வைக் குறைக்க ஆயில் தண்ணீர் போல் மெலிந்துவிட்டது. ஜிஎம் தன் 6.2 லிட்டர் இன்ஜின்களைப் பரிசோதித்து, கோளாறு இல்லாதவற்றுக்குக் கொடுத்த தீர்வே முன்பைவிடக் கெட்டியான ஆயில்தான்.

சென்னைக்கும் தொடர்புள்ள ஒரு உதாரணம், ஃபோர்டின் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட். 3 சிலிண்டர், டர்போ. 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 'உலகின் சிறந்த இன்ஜின்' விருது வாங்கியது. ஆனால் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் இதில் உண்டு. ஆயில் தவறினாலோ, மாற்றத் தாமதமானாலோ பெல்ட் சிதைந்து ஆயில் வழியை அடைக்கலாம். 2023 டிசம்பரில் ஆயில் பம்ப்பை இயக்கும் பெல்ட் பகுதிக் கோளாறுக்காக அமெரிக்காவில் சுமார் 1.39 லட்சம் எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களை ஃபோர்டு திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் விற்ற அந்த எக்கோஸ்போர்ட்கள் சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரானவை. விருது என்பது புது இன்ஜினின் திறமைக்குத்தான், அதன் ஆயுளுக்கு அல்ல.

இன்னொரு விஷயம்: அந்த 'அமெரிக்க' இன்ஜினை வடிவமைத்தது பிரிட்டனில் உள்ள ஃபோர்டின் ஆய்வு மையம்.

இந்தியாவில் லோகோ ஒன்று, இன்ஜின் வேறு

இங்கே குழப்பம் இன்னும் அதிகம்.

- செவர்லே டவேரா: லோகோ அமெரிக்கா. ஆனால் வண்டியும், அதன் பெயரைக் காப்பாற்றிய 2.5 லிட்டர் டீசல் இன்ஜினும் ஜப்பானின் இசுசு வழி வந்தவை.
- மாருதி ஸ்விஃப்ட் டீசல்: லோகோ ஜப்பான். 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது.
- நிசான் சன்னி டீசல்: லோகோ ஜப்பான். 1.5 லிட்டர் இன்ஜின் பிரான்ஸின் ரெனோ.
- ஜீப் காம்பஸ் டீசல்: லோகோ அமெரிக்கா. 2.0 லிட்டர் இன்ஜின் ஃபியட் வழி வந்தது. டாடா ஹாரியரிலும் இதே குடும்ப இன்ஜின்தான்.
- டொயோட்டா கிளான்ஸா: அடிப்படையில் மாருதி பலேனோ. இன்ஜின் சுசுகி.

"ஜப்பான் கார் வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லும் ஸ்விஃப்ட் டீசல்காரர், உண்மையில் ஓட்டுவது இத்தாலிய இன்ஜின். "அமெரிக்கன் வண்டி" என்று விலை குறைத்துக் கேட்கப்படும் பழைய டவேராவில் இருப்பது ஜப்பான் இன்ஜின்.

இன்ஜின் நல்லது, ஆனால் பாகம் கிடைக்குமா?

இந்திய வாசகருக்கு இதுதான் முக்கியக் கேள்வி. ஜிஎம் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கு கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2029 முதல் இன்ஜின் தயாரிக்க 2025-ல் தமிழ்நாடு அரசுடன் ஃபோர்டு ஒப்பந்தம் போட்டுள்ளது என்றாலும், அது ஏற்றுமதிக்கான திட்டம்.

இன்ஜின் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் 10 ஆண்டுக்குப் பிறகு சென்சார், வாட்டர் பம்ப், கேஸ்கட் என்று ஏதாவது வேண்டும். மாருதி, டொயோட்டாவுக்கு இவை சின்ன ஊரிலும் கிடைக்கும். ஓடாத மாடலுக்கு ஒரு பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கலாம். இந்தியாவில் ஜப்பான் கார்களின் 'நீண்ட ஆயுளில்' இந்த சர்வீஸ் வசதிக்கும் பெரிய பங்கு உண்டு.

கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

அமெரிக்காவில் 3 லட்சம் கி.மீ. ஓடியது என்றால் பெரும்பகுதி நெடுஞ்சாலை ஓட்டம். சராசரியாக மணிக்கு 50 கி.மீ. என்று வைத்தால் 1 லட்சம் கி.மீ.க்கு இன்ஜின் 2,000 மணி நேரம் ஓடியிருக்கும். பெங்களூரு, மும்பை நெரிசலில் சராசரி 20 கி.மீ. என்றால் அதே 1 லட்சத்துக்கு 5,000 மணி நேரம். ஓடோமீட்டரில் ஒரே எண், தேய்மானத்திலோ இரண்டரை மடங்கு. அதனால்தான் நகருக்குள் ஓடும் வண்டிகளுக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். "இப்பத்தான் சார் ஓட்டிட்டு வந்தேன்" என்றால் இன்னொரு நாள் போங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம்.

2. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சேறு போல் படிந்திருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

3. டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். 2005-2016 இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் இருப்பது பெல்ட்தான். 'சாகாத இன்ஜின்' என்று நம்பி அதைக் குறித்த கெடுவில் மாற்றாமல் விட்டால், பெல்ட் அறுந்த நொடியில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பில் இருந்தால்தான் மாற்றியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, ஏதாவது ரீகால் நிலுவையில் உள்ளதா என்று நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ பாருங்கள். இது ஜப்பான் கார்களுக்கும் பொருந்தும். 2024 மார்ச்சில் ஃபியூவல் பம்ப் மோட்டார் பிரச்னைக்காக மாருதி 16,041 பலேனோ, வேகன் ஆர் கார்களைத் திரும்பப் பெற்றது.

5. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் கார் என்றால், இ20 பெட்ரோலுக்கு ஏற்றதா, ரப்பர் பாகம் எதையும் மாற்ற வேண்டுமா என்று விசாரியுங்கள்.

சரி, அப்போ எதை வாங்குவது?

மற்றதெல்லாம் சமமாக இருந்தால், ஜப்பான் நிறுவனத்தின் இன்ஜின் மேல் பணம் போடுவதில் தவறில்லை. அரை நூற்றாண்டு சாதனை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் மற்றதெல்லாம் சமமாக இருப்பது அரிது. சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லாத இன்னோவாவைவிட, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றிய, பாகங்கள் உள்ளூரில் கிடைக்கும் ஃபோர்டு டீசல் நல்ல பேரமாக இருக்கலாம்.

புது கார் என்றால், புத்தம் புதிய இன்ஜினோடு வரும் மாடலை முதல் ஆண்டிலேயே வாங்காமல், ஒன்றிரண்டு ஆண்டு பொறுத்திருப்பது நல்லது. 1.02 லட்சம் டுன்ட்ரா, லெக்சஸ் உரிமையாளர்கள் வாங்கியதும் டொயோட்டாவைத்தான். ஆனால் அது 2022-ல் புதிதாக வந்த டுன்ட்ராவின் முதல் இரண்டு ஆண்டு வண்டிகளில் இருந்த இன்ஜின்.